பாரிசில் மலிவுச் சாப்பாட்டுக்கு வழி செய்த கசாப்புக் கடைக்காரர்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

பிள்ளைகள் ஐரோப்பாவில் வேலை பார்க்க, ஓய்வூதியக்காரர்களான நாம் ஒரு மாதம் போய்த் தங்கி வருவது இப்போது பல வீடுகளில் நடக்கிறது. போகிறவர்கள் பாரிசை எட்டிப் பார்க்காமல் திரும்புவதில்லை. வந்ததும் சொல்வது ஒன்றுதான்: "ஊர் அழகுதான் சார், ஆனால் சாப்பாட்டு விலையைப் பார்த்தால் பசியே போய்விடுகிறது." அதற்குப் பயந்து பெட்டி நிறையப் புளிக்காய்ச்சலும் உப்புமா பாக்கெட்டும் கட்டிக்கொண்டு போகிறார்கள். விசாரித்தால், ஈஃபில் கோபுரத்தின் பக்கத்தில், வாசலில் நாலு மொழியில் பலகை வைத்த கடையில் சாப்பிட்டிருப்பார்கள். அங்கே அப்படித்தான் இருக்கும்.

அதே பாரிசில் குறைந்த காசுக்கு, மேசையில் உட்கார்ந்து, சூடாகச் சாப்பிடும் ஏற்பாடு ஒன்று ஏறக்குறைய 170 ஆண்டுகளாக இருக்கிறது. பெயர் பூயோன். பிரெஞ்சில் அதற்கு இறைச்சியை வேகவைத்த சாறு என்று பொருள். இது சுற்றுலாக்காரர்களுக்காக உண்டானதல்ல. மூட்டை தூக்குகிறவர்களுக்கும் கொத்தனார்களுக்கும் உண்டானது.

ரெஸ்டாரண்ட் என்ற சொல்லே முதலில் கடையைக் குறிக்கவில்லை, சூப்பைத்தான் குறித்தது. உடம்பைத் தேற்றுவது என்று அர்த்தம். காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கு நாம் ஆட்டுக்கால் சூப் கொடுப்பதில்லையா, அதே எண்ணம்தான். 1760களில் பாரிசில் இந்தச் சாற்றை விற்ற கடைகளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தக் கடைகள் சீக்கிரமே பணக்காரர்களின் இடமாகிவிட்டன. சாறு ஏழைக்கு வந்து சேர இன்னும் 90 ஆண்டு ஆயிற்று.

1853இல் மூன்றாம் நெப்போலியனின் ஆணைப்படி ஓஸ்மான் என்ற அதிகாரி பாரிசை இடித்துக் கட்டத் தொடங்கினார். இன்று நாம் படம் எடுத்துக்கொள்ளும் அகலமான சாலைகளும் ஒரே உயரக் கட்டடங்களும் அந்த வேலையில் வந்தவைதான். கல் உடைக்கவும் சுவர் எழுப்பவும் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். குறுகலான அறையில் பலர் சேர்ந்து படுத்தார்கள். சமைக்க அடுப்புக்கு இடம் ஏது?

இந்த நேரத்தில்தான், 1850களின் நடுவில், த்யுவால் என்ற கசாப்புக் கடைக்காரர் ஒன்று செய்தார். வசதியானவர்கள் நல்ல துண்டங்களை வாங்கிப் போய்விடுவார்கள். மிஞ்சும் கடினமான இறைச்சியை என்ன செய்வது? பெரிய பாத்திரத்தில் மணிக்கணக்கில் வேகவைத்து, சாற்றையும் கறியையும் லே ஆல் சந்தைத் தொழிலாளிகளுக்கு விற்றார். கூட்டம் பெருகியது, கிளைகளும் பெருகின.

எனக்குப் பிடித்தது அவர் வைத்த ஒழுங்கு. விலை அச்சடித்த அட்டை ஒன்றை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிடுவார்கள். எது சாப்பிட்டோமோ அதற்கு மட்டும் குறி போடுவார்கள். போகும்போது அதற்கான காசு, அவ்வளவுதான். கையில் எவ்வளவு இருக்கிறதோ அதற்குள் சாப்பிட்டுவிட்டுத் தலை நிமிர்ந்து எழுந்து போகலாம். பரிமாறியவர்கள் வெள்ளைத் தொப்பியும் முன்றானைத் துணியும் கட்டிய பெண்கள். அவர்களில் ஒருத்தியை ஓவியர் ரெனுவார் வரைந்திருக்கிறார். அந்தப் படம் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்னொரு செய்தி. அந்தக் காலத்து ஐரோப்பியப் பயணிகள் கையோடு வைத்திருந்த வழிகாட்டி நூல் பேடெக்கர். அதிலேயே த்யுவால் கடைகளைச் சொல்லி, பெண்களும் தயங்காமல் போகலாம் என்று எழுதியிருந்தார்கள். ஆக, "பாரிசில் மலிவாக எங்கே சாப்பிடலாம்" என்ற கேள்வி யூடியூப்காரர்கள் கண்டுபிடித்ததல்ல!

த்யுவால் கடைகள் இப்போது இல்லை. ஆனால் ஷார்த்தியே சகோதரர்கள் 1896இல் மோன்மார்த்ர் புறச்சாலையில் தொடங்கிய பூயோன் அதே இடத்தில் இன்றும் நடக்கிறது. கிராண் பூல்வார் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம். உயரமான கூடம், கண்ணாடிக் கூரை, பித்தளைத் தாங்கிகள். சுவர் ஓரமாக எண் போட்ட சின்னச் சின்ன இழுப்பறைகள் இருக்கும், பார்க்கத் தவறாதீர்கள். தினமும் வந்த வாடிக்கையாளர்கள் தங்கள் துணிக் கைக்குட்டையை அதில் வைத்துவிட்டுப் போவார்கள். குமாஸ்தாவுக்கும் தொழிலாளிக்கும் அந்த ஊரில் தன் பெயரில் இருந்த ஒரே பெட்டி சில சமயம் அதுவாகத்தான் இருந்திருக்கும். 1989இல் அரசு இந்தக் கூடத்தைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக அறிவித்தது.

முன்பதிவு கிடையாது, வரிசையில் நிற்க வேண்டும். இடம் காலியாக இருந்தால் முன்பின் தெரியாதவர் மேசையிலேயே உட்கார வைப்பார்கள். நம் ஊர் மெஸ் போலத்தான், கூச்சப்பட வேண்டாம். கணக்கை மேசை விரிப்புக் காகிதத்திலேயே கிறுக்கிக் கூட்டிச் சொல்வார்கள். மயோனைஸ் போட்ட அவித்த முட்டை, ஒரு கறி, ஓர் இனிப்பு என்று மூன்றும் 20 யூரோவுக்குள் முடியும். ரொட்டி தனிக் காசில்லாமல் வரும். தண்ணீர் பாட்டிலில் கேட்காதீர்கள், "கராஃப் தோ" என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீர் இலவசம். பரிமாறும் கட்டணம் விலையிலேயே சேர்ந்தது, ஆகவே டிப்ஸ் உங்கள் விருப்பம். சைவர்களுக்கு மட்டும் கொஞ்சம் சிரமம். துருவிய கேரட், உருளைக்கிழங்கு என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வெங்காய சூப்பை நம்பி வாங்கிவிடாதீர்கள், பெரும்பாலும் அடியில் இறைச்சிச் சாறுதான்.

இருபதாம் நூற்றாண்டில் பூயோன்கள் ஒவ்வொன்றாக மூடின. லே ஆல் சந்தையையே 1969இல் ஊருக்கு வெளியே ரன்ஜிசுக்கு மாற்றினார்கள். பழைய பாணி போய்விட்டது என்று நினைத்திருந்தபோது, 2017இல் பிகால் பகுதியிலும் 2021இல் ரெப்யூப்ளிக் சதுக்கத்திலும் புதிய பூயோன்கள் வந்தன. வாடகை ஏறிய ஊரில் மலிவுச் சாப்பாட்டுக்குத் தேவை மறுபடி வந்துவிட்டது.

சாப்பாடு ஆயிற்று, இனித் தண்ணீர். தெருவில் கரும்பச்சை நிறத்தில், நான்கு பெண்கள் தலையில் குவிமாடம் தாங்கும் இரும்பு நீரூற்றுகளைப் பார்ப்பீர்கள். அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். 1870 செப்டம்பர் முதல் 1871 ஜனவரி வரை பிரஷ்யப் படை பாரிசை முற்றுகையிட்டிருந்தது. மக்கள் குதிரையையும் பூனையையும் எலியையும் தின்றார்கள். மிருகக்காட்சிசாலை யானைகளைக்கூடக் கொன்று விற்றார்கள், அதையும் வாங்கித் தின்னப் பணக்காரர்களால்தான் முடிந்தது. முற்றுகை முடிந்ததும் கம்யூன் எழுச்சி, அதன் பின் படுகொலை. நீர்க்கால்வாய்கள் சேதமாகி, ஏழைகளுக்கு நல்ல தண்ணீர் கிடைப்பதே கஷ்டமாயிற்று. பாரிசில் வாழ்ந்த ஆங்கிலேயச் செல்வர் ரிச்சர்ட் வாலஸ் தன் செலவில் 1872இல் இந்த நீரூற்றுகளை நிறுவினார். சங்கிலியில் கட்டிய தகரக் குவளைகள் 1952 வரை தொங்கின, சுகாதாரம் கருதி எடுத்துவிட்டார்கள். தண்ணீர் இன்றும் குடிக்கத் தகுந்தது, இலவசம். ஒரு காலி பாட்டில் கையில் இருக்கட்டும். கடுங்குளிர் மாதங்களில் மட்டும் மூடிவிடுவார்கள்.

காசில்லாமல் பார்க்க: மாரே பகுதியில் கார்னவாலே அருங்காட்சியகம், பாரிஸ் நகரத்தின் வரலாறு முழுவதும் அங்கே. பாஸ்டீல் சிறையின் கல்லிலேயே செதுக்கிய பாஸ்டீல் மாதிரியும் உண்டு. நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. திங்கள் விடுமுறை.

அடுத்து பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டம். பிரபலங்களின் கல்லறையைத் தேடி எல்லோரும் அலைவார்கள். நீங்கள் தென்கிழக்கு மூலைக்குப் போங்கள். 1871 மே 28 அன்று கம்யூன் வீரர்கள் 147 பேரை நிறுத்திச் சுட்ட சுவர் அங்கே இருக்கிறது. எதிரே சில நிமிடம் நில்லுங்கள். த்யுவால் கடையில் சூப் குடித்த கொத்தனார்களின் கூட்டம்தான் அந்தப் பக்கம் நின்றது.

வெளியே வந்ததும் ஏதாவது ரொட்டிக் கடையில் ஒரு பகெத் வாங்குங்கள், ஒரு யூரோவுக்குச் சற்று மேலே ஆகும். "த்ரதிஸ்யோன்" என்று சேர்த்துக் கேளுங்கள். 1993 அரசாணைப்படி அது மாவு, தண்ணீர், உப்பு, நொதி கொண்டு, உறைய வைக்காமல் செய்யப்பட வேண்டும். 1789 அக்டோபரில் ரொட்டி கேட்டுப் பெண்கள் வெர்சாய் அரண்மனைக்கு நடந்ததை வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். ரொட்டிக்கு அங்கே ஏன் அரசாணை வருகிறது என்று அதை நினைத்தால் புரியும். 2023இல் பாரிசின் சிறந்த பகெத் பரிசை வாங்கியவர் இலங்கையில் பிறந்த தமிழர், தர்ஷன் செல்வராஜா. அந்த ஓராண்டு குடியரசுத் தலைவர் மாளிகைக்கு ரொட்டி அனுப்பும் உரிமையும் அந்தப் பரிசோடு வந்தது. அவர் கடையும் கல்லறைத் தோட்டம் இருக்கும் அதே இருபதாம் வட்டாரத்தில்தான்.

நாலாம் நாள் நாக்கு சோறு கேட்கும். அப்போது கார் து நோர் ரயில் நிலையத்தின் பின்பக்கம் நடங்கள். அங்குள்ள நம்மவர்கள் லாச்சப்பல் என்று சொல்லும் தெருக்கள் அவை. 1983 கலவரத்துக்குப் பின் ஊரை விட்டு வந்த ஈழத்தமிழர்கள், பாரிஸ் உணவகங்களின் சமையலறைகளில் பாத்திரம் கழுவித் தொடங்கி, இங்கே தங்கள் கடைகளைப் போட்டார்கள். தோசை, கொத்து ரொட்டி, இடியப்பம் எல்லாம் உண்டு. ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ போனால், மாணிக்க விநாயகர் தேர் வருகிற நாளை விசாரித்துக்கொள்ளுங்கள். தெருவெல்லாம் தேங்காய் உடைபடும், அன்று வருகிறவர்களுக்குச் சாப்பாடும் இலவசம்.