102 காய்ச்சலா, 39 காய்ச்சலா? வெப்பநிலை அளவுகளை மாற்றிக் கணிப்பது எப்படி

"பிள்ளைக்கு முப்பத்தொன்பது காய்ச்சல் அம்மா" என்று பாரிஸிலிருந்து மகள் தொலைபேசியில் சொன்னால், யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மாவுக்கு அதன் கடுமை உடனே விளங்குவதில்லை. "நூற்றிரண்டு" என்றால்தான் நெஞ்சு பதறும். உண்மையில் இரண்டும் ஒரே காய்ச்சல்தான். எங்கள் வீடுகளில் காய்ச்சலைப் பரனைட்டில் பேசிப் பழகிவிட்டோம். வானிலை அறிவிப்போ செல்சியஸில் வருகிறது. பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் கெல்வினும் சேர்ந்துகொள்கிறது.

பரனைட் அளவை 1724இல் வெளியிட்டவர் டான்சிக் நகரில் பிறந்த டானியல் கேப்ரியல் பரனைட். அவரது அளவில் பனிக்கட்டி உருகுவது 32 பாகையில், நீர் கொதிப்பது 212 பாகையில். சுவீடன் வானியலாளர் அன்டர்ஸ் செல்சியஸ் 1742இல் இந்த இடைவெளியை நூறாகப் பிரித்தார். வேடிக்கை என்னவென்றால், அவர் கொதிநிலைக்கு 0 என்றும் உறைநிலைக்கு 100 என்றும் வைத்திருந்தார். பின்னரே அது தலைகீழாக்கப்பட்டது. கெல்வினுக்குக் கணக்கு இலகு: செல்சியஸுடன் 273.15ஐக் கூட்டினால் போதும். வீட்டுப் பாவனைக்கு அது தேவைப்படாது.

செல்சியஸில் 100 பங்காக உள்ள இடைவெளி பரனைட்டில் 180 பங்கு. ஆகவே செல்சியஸ் எண்ணை 1.8ஆல் பெருக்கி 32ஐக் கூட்டினால் பரனைட் கிடைக்கும். பரனைட்டிலிருந்து 32ஐக் கழித்து 1.8ஆல் வகுத்தால் செல்சியஸ். கணிப்பான் கையில் இல்லையா? எண்ணை இரட்டிப்பாக்குங்கள், வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் குறையுங்கள், 32ஐக் கூட்டுங்கள். 39ஐ இரட்டித்தால் 78. அதில் 7.8 போக 70.2. முப்பத்திரண்டைக் கூட்ட 102.2. விடை துல்லியமானது.

மனதில் வைத்திருக்க வேண்டிய எண்கள் சில. 37 என்பது 98.6. 38 என்பது 100.4, பொதுவாகக் காய்ச்சல் என்று கொள்ளப்படும் எல்லை இது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்த அளவு வந்தாலே வீட்டில் வைத்துப் பார்க்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 40 என்பது 104.

மாரி காலத்தில் வடக்கில் டெங்கு பெருகும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டெங்கில் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் வெப்பநிலை 38க்குக் கீழே, அதாவது 100.4க்குக் கீழே இறங்கும் நேரமே ஆபத்தான கட்டம் தொடங்கக்கூடிய நேரம். எண் குறைந்துவிட்டது என்று நிம்மதியடைந்து, வயிற்று நோவையும் தொடர் வாந்தியையும் கவனியாது விடக்கூடாது.

மருந்துப் பெட்டிகளில்தான் குழப்பம் அதிகம். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பும் இன்சுலின் பெட்டியில் 36 முதல் 46 பாகை என்று இருக்கும். அது பரனைட், செல்சியஸில் 2 முதல் 8 வரை. அதைச் செல்சியஸ் என்று எண்ணி அலுமாரியில் வைத்தால், வன்னி வெயிலில் மருந்தின் வீரியம் குறையும். ஊசி போட்டும் சீனி இறங்காது. உறைகுளிரில் வைப்பதும் தவறு; உறைந்த இன்சுலினைப் பாவிக்கக் கூடாது. பாவனைக்கு எடுத்த குப்பியை 30 பாகை செல்சியஸுக்கு, அதாவது 86 பரனைட்டுக்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்பதே பல வகைகளுக்கான அறிவுறுத்தல். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், நீர் புகாத பையில் இட்டு, ஈர மணலில் பதித்த மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம். இடம்பெயர்ந்து வாழ்ந்த காலத்தில் பானைத் தண்ணீரின் குளிர்ச்சியை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

செய்தி மொழிபெயர்ப்பவர்கள், எங்களையும் சேர்த்துத்தான், சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. "வெப்பநிலை 1.5 பாகை செல்சியஸால் உயர்ந்தது" என்பதைப் பரனைட்டுக்கு மாற்றும்போது 32ஐக் கூட்டக்கூடாது. அது உயர்வின் அளவு மட்டுமே, 1.8ஆல் பெருக்கினால் 2.7. கூட்டிவிட்டால் 34.7 பாகை உயர்வு என்று உலகமே வெந்துபோகும்.

டிஜிற்றல் வெப்பமானி வைத்திருப்போர் திரையின் ஓரத்தில் இருக்கும் சி அல்லது எஃப் எழுத்தை முதலில் பாருங்கள். பலவற்றில் ஒரு பொத்தானை அழுத்தி அளவை மாற்றலாம். தொலைபேசியில் காய்ச்சலைச் சொல்லும்போது எண்ணோடு அளவின் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.