கரி தின்றது எங்கே போனது?



திருவாதவூர் என்றால் மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். இன்று நான் எழுதுவது அடுப்புக் கரியைப் பற்றி. உங்களிடம் ஒரு தப்பையும் திருத்த வேண்டியிருக்கிறது.

ஏழாம் வகுப்பில் சிவப்பு மை கலந்த தண்ணீரில் சிரட்டைக்கரித் தூளைப் போட்டுக் குலுக்கி, துணியில் வடிகட்டிக் காட்டுவேனே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு வருடம் ஒரு பையன் எழுந்து, "சார், கலர் எங்க போச்சு?" என்று கேட்டான். "கரி தின்னுருச்சுடா, உக்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. ஆனால் அவன் கேட்டதுதான் சரியான கேள்வி.

என் அப்பத்தா ஊருணித் தண்ணீரைத் தேத்தாங்கொட்டை உரைத்த பானையில் தெளிய வைத்து, மணலும் கரியும் போட்ட பானைகளில் வடிய விடுவார். ஏன் என்றால், "எங்க மாமியா செஞ்சாக, நானும் செய்றேன்" என்பார். ஐரோப்பாவில் 1785-இல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் தோபியாஸ் லோவிட்ஸ் என்ற வேதியியலாளர், கரித்தூள் கரைசலின் நிறத்தை எடுத்துவிடுவதைக் கண்டார். விரைவிலேயே சர்க்கரை ஆலைகள் அதைப் பிடித்துக்கொண்டன. 1900-ஐ ஒட்டி, கரியைக் கடும் சூட்டில் நீராவியால் பதப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெறப்பட்டது. அதுதான் இன்று உங்கள் வீட்டு வாட்டர் பில்டரில் இருக்கும் ஆக்டிவேட்டட் கார்பன். அதில் ஒரு கிராமுக்குள் இருக்கும் நுண்துளைகளின் பரப்பை விரித்துப் போட்டால் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் 25 சென்ட் நிலம்!

அந்தத் துளைகளின் சுவரில்தான் சாயம் போய் ஒட்டிக்கொள்கிறது. அழிவதில்லை. துளைகள் நிறைந்தால் கரியின் வேலை முடிந்தது. பிறகு அந்தக் கரியை எங்கே கொட்டுவது?

இது வெறும் பாடப்புத்தகக் கேள்வி இல்லை. நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்காகத்தான் 1992-இல் கட்டி முடித்தார்கள். சில ஆண்டுகளிலேயே திருப்பூர் சாயக்கழிவு அதில் தேங்கி, வயலுக்குப் பாய்ச்ச முடியாத தண்ணீராகிவிட்டது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு பக்கம் நிலம் கெட்டது, மறுபக்கம் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. அழுக்கை இடம் மாற்றி வைப்பதற்கும் அழிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தின் விலை அது.

அழிக்கும் வழி வெயிலில் இருந்து வந்தது. 1972-இல் ஜப்பானின் புஜிஷிமா, ஹோண்டா இருவரும், டைட்டானியம் டைஆக்சைடு மீது ஒளி பட்டால் தண்ணீரே பிரிகிறது என்று எழுதினார்கள். வெள்ளைப் பெயின்டில் சேர்க்கும் அதே பொருள்தான். அதன் மூலப்பொருளான இல்மனைட் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடக்கிறது. 1977-இல் அமெரிக்காவில் பிராங்க், பார்ட் இருவரும் அதே பொருளாலும் ஒளியாலும் தண்ணீரில் கலந்த சயனைடைச் சிதைத்துக் காட்டினார்கள். ஒளி பட்டதும் அந்தத் துகளின் மேல் வீரியம் மிக்க துணுக்குகள் உருவாகி, சாய மூலக்கூறைத் துண்டு துண்டாக உடைக்கின்றன. முழுதாக உடைந்தால் பெரும்பாலும் மிஞ்சுவது கரியமில வாயுவும் தண்ணீரும்.

பிறகு இரண்டையும் சேர்த்தார்கள். கரி அழுக்கை இழுத்துப் பிடித்துக் கொடுக்கும், பக்கத்தில் உள்ள டைட்டானியம் வெயிலில் அதை உடைக்கும். தனித்தனியாகச் செய்வதைவிடச் சேர்ந்தால் வேகம் கூடுகிறது என்று 1998-இல் பீனால் என்ற நச்சுப்பொருளை வைத்து ஓர் ஆய்வு காட்டியது. இன்று நம் தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகங்களிலும் இந்த வேலை நடக்கிறது.

குறையையும் சொல்ல வேண்டும். வெயிலில் இதற்குப் பயன்படும் புற ஊதாக் கதிர் நூற்றுக்கு ஐந்து பங்குகூட வராது. அடர்ந்த சாயத் தண்ணீருக்குள் ஒளி இறங்காது. சாயப்பட்டறைத் தண்ணீரில் கலந்த உப்பை இது தொடவே தொடாது. அதனால், "வெயில் எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடும்" என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள். கண்மாயில் கொட்டாமல் இருப்பதுதான் முதல் வைத்தியம்.

அன்று கேள்வி கேட்ட தம்பி இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்: கலர் எங்கேயும் போகவில்லையப்பா, கரிக்குள்ளேயேதான் இருந்தது. உன்னை உட்காரச் சொன்னது என் தப்பு. உன் பிள்ளை கேள்வி கேட்டால் உட்காரச் சொல்லாதே.

அன்புடன்,
உங்கள் சார்