உடலில் கரையும் பின்னல்: குன்னத்தூர் வட்டாரத்தை முன்வைத்து

பருத்தி மண்ணில் மக்கும். மனித உடலுக்குள் மக்காது. செல்லுலோசைச் சிதைக்கும் நொதி நம் திசுக்களில் இல்லை. அறுவை சிகிச்சையின்போது தவறுதலாக வயிற்றில் தங்கிவிடும் பஞ்சுத்துணியைச் சுற்றி உடல் நார்த்திசுச் சுவர் எழுப்பிக் கட்டியாக்கிவிடும். பல ஆண்டுகள் கழித்தும் அது அப்படியே அகப்படுவதுண்டு. குன்னத்தூர், ஊத்துக்குளி, திருப்பூர் என விரியும் பின்னலாடை வட்டாரம் திசுப் பொறியியலுக்கு என்ன தர முடியும் என்ற கேள்வியை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். தன் நூலை அது தர முடியாது. கண்ணியைப் பற்றிய அறிவைத் தரலாம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உடலில் கரையும் செயற்கை இழை புதிதல்ல. பாலிகிளைகோலிக் அமிலத்தாலான டெக்ஸான் தையல் நூல் 1970 வாக்கில் சந்தைக்கு வந்தது. அடுத்து வந்த விக்ரிலில் கிளைகோலைடு 90 பங்கு, லாக்டைடு 10 பங்கு. மூன்று வாரத்தில் அதன் பலம் ஏறத்தாழ பாதியாகும். 56 முதல் 70 நாளில் முழுதும் உறிஞ்சப்படும். 1993-இல் லாங்கரும் வாகாண்டியும் ‘சயின்ஸ்’ இதழில் திசுப் பொறியியலுக்கு இலக்கணம் வகுத்தபோது, செல்கள் பற்றி வளரும் சாரமாக இத்தகைய பாலிமர்களே முன்னின்றன. நீரிழிவுக் கால்புண்ணுக்கு 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெர்மாகிராஃப்ட், விக்ரில் வலைத்துணியில் தோல் செல்களை வளர்த்ததுதான்.

வலைத்துணி என்றதும் நம் நிட்டர் காது கொடுப்பார். லூப் (கண்ணி) நீளத்தைக் கூட்டிக் குறைத்து ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற துணி எடை) பிடிப்பது அவருக்கு அன்றாட வேலை. சாரத்தில் துளையின் அளவைத் தீர்மானிப்பதிலும் லூப் நீளத்துக்குப் பெரும்பங்கு உண்டு. துளை 75 மைக்ரானுக்குக் கீழே போனால் கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்கள் உள்ளே நுழையத் திணறும். நுண்ணிய ரத்தக்குழாயும் ஊடுருவாது. ஆனால் ஒரு தடை உண்டு. வட்டப் பின்னல் எந்திரத்தில் ஓடும் சிங்கிள் ஜெர்சியை வெட்டினால் ஓரம் சுருளும், கண்ணி கழன்று ஓடும். அறுவை மருத்துவரோ வலையை மேசையிலேயே கத்தரித்து அளவெடுப்பவர். அதனால் மருத்துவ வலைகளில் பெரும்பாலும் வார்ப் நிட்டிங் எனும் நெடுக்குப் பின்னல் ஆள்கிறது. அங்கே ஓர் இழை அறுந்தாலும் அடுத்த கண்ணி எளிதில் கழலாது. வட்டப் பின்னலுக்கு இயல்பான இடம் குழாய். தையலே இல்லாமல் குழலாக இறங்கும் துணி, செயற்கை ரத்தக்குழாய்க்குப் பொருந்தும் வடிவம்.

பெரிய இடர் தண்ணீர். பாலிகிளைகோலிக் அமிலம், விக்ரில் போன்ற கரையும் பாலியெஸ்டர்கள் நீராற்பகுப்பால்தான் சிதைகின்றன. உடலுக்குள் வரம், பட்டறையில் சாபம். பாலிகிளைகோலிக் நூல் சுற்றிய கோனை ஈரக்காற்றில் திறந்து வைத்தாலே பலம் இறங்கத் தொடங்கும். சாயத்தொட்டி, நீராவி, ஸ்டென்டர் என்ற நம் வழக்கமான பாதை அதற்கு ஒத்துவராது. நீராவியில் கிருமி நீக்கவும் முடியாது. எத்திலீன் ஆக்சைடு வாயு வேண்டும். ஊசிக்கு விடும் எண்ணெயின் மிச்சம்கூட உடலில் அழற்சியைத் தூண்டலாம்.

ஆகவே பட்டே நமக்கு நல்ல தொடக்கம் என்பேன். வெண்பட்டுக்கூடு திருப்பூர் மாவட்டத்து உடுமலையில் விளைகிறது. ஒவ்வாமைக்குக் காரணமாகக் கருதப்படும் செரிசின் பசையை நீக்கிவிட்டால் எஞ்சும் ஃபைப்ரோயின் உடலுக்குள் ஓராண்டுக்குள் பலத்தின் பெரும்பகுதியை இழந்து, மெல்ல மெல்லக் கரையும். தண்ணீர் அதை உடனே கெடுக்காது. பட்டு இழையைப் பின்னி உருவாக்கிய ‘செரி’ என்ற அறுவை வலை அமெரிக்கச் சந்தைக்கு வந்தும்விட்டது. மருத்துவத் துணிகளுக்கான சிறப்பு மையத்தை நடத்தும் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான கோவை சிட்ராவும் தொலைவில் இல்லை.

2017-ஆம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகள் இடருக்கேற்பப் பொருள்களை வகைப்படுத்துகின்றன. இடர் மிகுந்த பொருளான, உடலுக்குள் வைக்கும் வலைக்கான சோதனைச் செலவை ஒரு ஜாப் ஒர்க் நிட்டர் தாங்கமாட்டார். முதலில் பட்டுக் காயக்கட்டு. அதில் தூய்மை அறையும் சோதனை ஒழுங்கும் கைவந்த பிறகே உள்வைக்கும் வலை.