நெட்டை நாற்றும் குட்டைக் கோதுமையும்

ஜப்பானிய நெல் விவசாயிகள் அந்த நாற்றை வரப்பில் நின்றே கண்டுபிடித்துவிடுவார்கள். பக்கத்து நாற்றுகளைவிட நெடுநெடுவென்று வளர்ந்து, வெளிறி, மெலிந்து நிற்கும். நட்ட பிறகு பெரும்பாலும் பட்டுப்போகும்; தப்பிப் பிழைத்தாலும் பதர்தான். 'பக்கனே', அதாவது முட்டாள் நாற்று என்று அதற்குப் பெயர். 1898இல் ஷோதாரோ ஹோரி, இது ஒரு பூஞ்சையின் வேலை என்று காட்டினார்.

அந்தப் பூஞ்சை என்னதான் செய்கிறது? 1926இல், அப்போது ஜப்பானிய ஆட்சியில் இருந்த தைவானில், எய்ச்சி குரோசாவா பூஞ்சையை நீர்மத்தில் வளர்த்து வடிகட்டினார். பூஞ்சை துளியும் இல்லாத அந்த வடிநீரை நல்ல நாற்றுகளுக்குக் கொடுத்தார். அவையும் நெட்டையாக ஓடின. நாற்றை நீட்டியது பூஞ்சை சுரந்த ஒரு பொருள். 1935இல் தெய்ஜிரோ யபூத்தா அதற்கு ஜிப்ரலின் என்று பெயரிட்டார். 1938இல் அதன் படிகங்கள் கையில் கிடைத்தன. செடிகளே இதே வகை ஹார்மோனைச் சுரக்கின்றன என்பது 1950களில் தெளிவாயிற்று. பூஞ்சை அதை அளவில்லாமல் கொட்டியதுதான் நோய்.

அதே 1935இல் ஜப்பானில் வெளியானது நோரின் 10 என்ற குட்டைக் கோதுமை. கோன்ஜிரோ இனாசுக்கா உருவாக்கிய ரகம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதன் விதை அமெரிக்கா போய், அங்கிருந்து மெக்சிகோவில் பயிர் விஞ்ஞானி நார்மன் போர்லாக்கின் வயலை அடைந்தது. உரம் போட்டாலும் சாயாத அந்தப் பயிரின் வாரிசுகள் 1966இல் 18,000 டன் விதையாக இந்தியாவுக்கு வந்தன.

நோரின் 10 ஏன் உயர்ந்து வளர மறுத்தது? விடைக்கு 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செடியின் செல்லுக்குள் டெல்லா என்ற புரதங்கள் வளர்ச்சிக்குப் பிரேக் போட்டு வைத்திருக்கின்றன. ஜிப்ரலின் வந்ததும் அதன் ஏற்பி டெல்லாவைப் பிடித்துக்கொள்கிறது. யூபிக்விட்டின் என்ற சிறு புரதம் அதன்மேல் சங்கிலியாக ஒட்டப்படுகிறது. அந்த அடையாளத்தைக் கண்டதும் புரோட்டியசோம் டெல்லாவைத் துண்டாடிவிடுகிறது. பிரேக் போகிறது, தண்டு நீள்கிறது. ஆக, ஹார்மோன் வளர்ச்சியைத் தூண்டுவது தடையை அழித்துத்தான். நோரின் 10இன் டெல்லாவில் ஏற்பி பிடிக்கும் பகுதியே இல்லை. எவ்வளவு ஜிப்ரலின் வந்தாலும் அது அழியாது.

தமிழ்நாட்டு வயல்களுக்கும் வந்த ஐ.ஆர். 8 நெல் குட்டையானதற்குக் காரணம் வேறு. அதில் டெல்லா நன்றாகவே இருக்கிறது. ஜிப்ரலின் உற்பத்திதான் குறைவு. அதன்மேல் ஜிப்ரலினைத் தெளித்தால் உயர்ந்துவிடும். நோரின் வழிக் கோதுமை அசையாது. கண்ணால் பார்க்கக்கூடிய இந்த ஒரு சோதனையிலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன.

இந்தக் குட்டைப் பயிர்கள் கொண்டுவந்த பசுமைப் புரட்சியின் உரப் பசிக்கும் இங்கே ஒரு வேர் உண்டு. டெல்லா மிகுந்த குட்டைப் பயிர்கள் தழைச்சத்தை எடுத்துக்கொள்வதில் பின்தங்குவதை 2018இல் சீன ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஜிஆர்எஃப்4 என்ற புரதம் அந்த வேலையை ஊக்குவிக்கிறது. டெல்லா அதன் கையைக் கட்டுகிறது. ஜிஆர்எஃப்4 கூடுதலாக உள்ள ரகங்களில், குட்டைத்தனம் கெடாமலேயே, குறைந்த உரத்தில் விளைச்சல் கூடியது.