வாக்குச்சீட்டில் இல்லாத பெயர்: சென்னை மேயர் பதவியும் புதுமுகங்களும்

2022 பிப்ரவரி 19 அன்று சென்னை மாநகராட்சித் தேர்தல் நடந்தபோது, மேயர் வேட்பாளர் என்று ஒருவர்கூடக் களத்தில் இல்லை. திரு.வி.க. நகர்ப் பகுதியில் 74ஆவது வார்டில் தி.மு.க. சார்பில் நின்ற 28 வயது ஆர்.பிரியா, கவுன்சிலர் பதவிக்குத்தான் வாக்குக் கேட்டார். மார்ச் 4ஆம் தேதி ரிப்பன் மாளிகையில் கூடிய மாமன்றம் அவரைப் போட்டியின்றி மேயராக்கியது. சென்னைக்கு முதல் பட்டியலினப் பெண் மேயர் அவர். தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் ஆகியோருக்குப் பின் மூன்றாவது பெண் மேயர். அதற்கு முன் அவர் எந்தப் பதவியிலும் இருந்ததில்லை.

மக்கள் நேரடியாக வாக்களித்தால் அரசியலுக்கு வெளியே இருப்பவருக்கு வழி திறக்கும், கட்சிகளும் கவுன்சிலர்களும் கூடித் தேர்ந்தெடுத்தால் அடைபடும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. சென்னையின் அனுபவம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. இங்கே மேயருக்கு நேரடித் தேர்தல் நடந்தது 1996, 2001, 2011 ஆகிய மூன்று முறை. மூன்றிலும் வென்றவர்கள் ஏற்கெனவே சட்டமன்றத்தைப் பார்த்தவர்கள். புதுமுகம் வந்ததோ மறைமுகத் தேர்தலில். இந்த முரணுக்கு விடை தேட, பதவி கடந்து வந்த பாதையைப் பின்தொடர வேண்டியிருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனப்படி 1688 செப்டம்பர் 29 அன்று மாநகராட்சி தொடங்கியபோது மேயராக அமர்ந்தவர் நத்தேனியல் ஹிக்கின்சன். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் பிறந்து, ஹார்வர்டில் படித்துவிட்டு, கம்பெனி வேலைக்காகச் சென்னை வந்து சில ஆண்டுகளே ஆனவர். ஊருக்குப் புதியவர் என்றாலும் அதிகாரத்துக்குப் புதியவர் இல்லை: கம்பெனியின் ஆலோசனைச் சபையில் இருந்தவர், 1692இல் கவர்னராகவும் ஆனார். ஆல்டர்மேன்கள் எனப்பட்ட மூத்த உறுப்பினர்களாக ஆங்கிலேயரோடு யூத, உள்ளூர் வணிகர்களும் சேர்க்கப்பட்டார்கள். ஊர்மக்களிடம் வரி வசூலிக்க அவர்கள் ஒத்துழைப்பு கம்பெனிக்குத் தேவைப்பட்டது.

பிற்காலத்தில் மேயர் பட்டம் மறைந்து, மன்றத் தலைவர் பதவி வந்தது. 1920ஐ ஒட்டி, அதிகாரி அல்லாத முதல் தலைவரான சர் பிட்டி தியாகராய செட்டியார் சுமார் 40 ஆண்டு மாநகராட்சி உறுப்பினராக இருந்தவர். தலைவர் நாற்காலி நீண்ட உழைப்புக்கும் செல்வாக்குக்கும் கிடைக்கும் மரியாதையாக இருந்த காலம் அது.

1933இல் மேயர் பட்டம் மீண்டும் வந்தது. முதலில் அதை ஏற்ற எம்.ஏ.முத்தையா செட்டியாருக்கு அப்போது வயது 27. பிரியாவைவிட ஒரு வயது குறைவு. ஆனால் அவர் செட்டிநாட்டரசர் அண்ணாமலை செட்டியாரின் மகன். வயதில் இளையவரைக் குடும்பம் தாங்கி நின்றது. நான்கு ஆண்டு கழித்து, 1937இல், ஜெ.சிவசண்முகம் பிள்ளை முதல் பட்டியலின மேயரானார். 1939இல் அந்த இருக்கைக்கு வந்த எஸ்.சத்தியமூர்த்தி காங்கிரஸின் பழுத்த தலைவர். பூண்டி நீர்த்தேக்கம் அவர் முயற்சியில் எழுந்து, அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பதவிக்காலம் அப்போது ஓராண்டுதான். கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டு வேறொருவர்.

1959 தேர்தலில் தி.மு.க. 100 இடங்களில் 45ஐப் பிடித்து, மற்றவர்கள் ஆதரவோடு அ.பொ.அரசுவை மேயராக்கியது. மாநில ஆட்சிக்கு வர அந்தக் கட்சிக்கு இன்னும் எட்டு ஆண்டு இருந்தது. இந்த இடத்தில் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. அதுவரை தனிமனிதரின் செல்வமும் சொல்வாக்கும் மேயரை உருவாக்கின. இனிக் கட்சி உருவாக்கியது. புதுமுகமாக வந்தது ஆள் இல்லை, இயக்கம்.

மஸ்டர் ரோல் (கூலித் தொழிலாளர் வருகைப் பதிவேடு) ஊழல் புகாரையடுத்து 1973இல் தி.மு.க. அரசே மாமன்றத்தைக் கலைத்தது. பிறகு 23 ஆண்டு தேர்தல் இல்லை. தனி அதிகாரிகள் நகரை நடத்தினார்கள். மேயர் இல்லாத அந்த இடைவெளியில்தான் 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியத்துக்குப் போயின. நகரத் திட்டமிடலும் 1970களிலேயே வேறொரு குழுமத்தின் கைக்குச் சென்றது. 1996இல் மேயர் திரும்பி வந்தபோது, சத்தியமூர்த்தி கையாண்ட தண்ணீர்ப் பிரச்சினை அவருடைய பொறுப்பிலேயே இல்லை. நிர்வாக அதிகாரம் ஐ.ஏ.எஸ். அதிகாரியான ஆணையரிடம் இருந்தது.

நகர உள்ளாட்சிகளுக்கான அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தத்துக்குப் பிறகு நடந்த 1996 தேர்தலில் வாக்காளர் கையில் இரண்டு வாக்குகள்: கவுன்சிலருக்கு ஒன்று, மேயருக்கு ஒன்று. மு.க.ஸ்டாலின் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் சென்னை மேயரானார். அவர் அப்போதே ஆயிரம் விளக்கு எம்.எல்.ஏ. 2001இலும் வென்றார். 2002இல் அ.தி.மு.க. அரசு, ஒருவரே இரண்டு பதவிகளை வகிக்கக் கூடாது என்று சட்டம் திருத்தியது; அதன்பின் அவர் மேயர் பதவியிலிருந்து விலக நேர்ந்தது. நகரம் முழுவதன் வாக்கையும் ஒற்றை ஆளாகப் பெற்றவர் மாநில அரசியலில் எவ்வளவு கனமானவர் ஆகிறார் என்பதை இந்த மோதல் காட்டியது.

அதற்குப் பின் தேர்தல் முறை ஊஞ்சலாடியது. 2006இல் தி.மு.க. அரசு மறைமுகத் தேர்தலுக்கு மாறியது, மா.சுப்பிரமணியன் மேயரானார். 2011இல் மறுபடி நேரடி. 2016இல் மறைமுகம், 2018இல் நேரடி, 2019 நவம்பரில் அவசரச் சட்டத்தால் மீண்டும் மறைமுகம். கடைசி மூன்று மாற்றங்களும் நடந்த காலத்தில் சென்னையில் ஒரு தேர்தலும் நடக்கவில்லை. 2016 அக்டோபர் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபின், ஏறத்தாழ ஐந்தரை ஆண்டு மறுபடி தனி அதிகாரிகள்தான்.

நேரடித் தேர்தல் ஏன் புதுமுகத்தைத் தரவில்லை? 2011 தேர்தல் இதற்கு நல்ல சான்று. அப்போதுதான் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்து, வார்டுகள் 155இலிருந்து 200 ஆயின. மூன்று மக்களவைத் தொகுதிகளுக்கும் மேற்பட்ட பரப்பு. இதைச் சுற்றிவரப் பூத்துக்குப் பூத்து ஆள் வைத்திருக்கும் கட்சியால்தான் முடியும். அந்தக் கட்சியும் தெரிந்த முகத்தைத்தான் நிறுத்தும். அ.தி.மு.க. நிறுத்திய சைதை துரைசாமி 1984இலேயே எம்.எல்.ஏ. ஆனவர், சில மாதங்களுக்கு முன் கொளத்தூரில் ஸ்டாலினிடம் குறைந்த வாக்குகளில் தோற்றவர். மேயர் தேர்தலில் அவர் வென்ற வித்தியாசம் 5 லட்சம் வாக்குகளுக்கு மேல்.

காத்மாண்டு வேறு கதை சொல்கிறது. 2022 மே மாதம் அங்கே கட்டமைப்புப் பொறியாளரும் ராப் பாடகருமான பாலேந்திர ஷா சுயேச்சையாக மேயருக்குப் போட்டியிட்டு, நேபாளி காங்கிரஸ், கம்யூனிஸ்ட் வேட்பாளர்களைப் பின்னுக்குத் தள்ளி 61,767 வாக்குகள் பெற்று வென்றார். சத்தீஸ்கரின் ராய்கரில் 2015இல் சுயேச்சையாக நின்ற திருநங்கை மது கின்னர், பா.ஜ.க. வேட்பாளரைத் தோற்கடித்து மேயரானார். இரண்டிலும் வாக்குச்சீட்டில் மேயர் பெயர் இருந்தது; இரண்டும் கால்நடையாகவே தெருத் தெருவாகப் போய் வாக்குக் கேட்கக்கூடிய ஊர்கள். காத்மாண்டில் வெற்றி தந்த வாக்குகள் சென்னை மேயர் களத்தில் கணக்கிலேயே வந்திருக்காது.

சென்னையில் புதுமுகத்துக்கு வழி திறந்தது இட ஒதுக்கீடு. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் உள்ளாட்சிகளில் பெண்களுக்குச் சரிபாதி இடம் தந்தது. 2022 ஜனவரியில் சென்னை மேயர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டதும், அதற்காகக் காத்திருந்த மூத்த நிர்வாகிகளின் கணக்கு ஒரே நாளில் மாறியது. 200 வார்டுகளில் 153ஐத் தனியாகவே பிடித்த தி.மு.க., தன் கவுன்சிலர்களில் ஒருவரைத் தேர்ந்தது. பிரியாவின் குடும்பம் கட்சிக் குடும்பம். எனவே அவர் பதவிக்குப் புதியவர், கட்சிக்கு அல்ல. அதே தேர்தலில் கும்பகோணத்தின் முதல் மேயரான காங்கிரஸைச் சேர்ந்த கே.சரவணன் ஆட்டோ ஓட்டுநர். 2020 டிசம்பரில் திருவனந்தபுரம் மேயரான ஆர்யா ராஜேந்திரனுக்கு வயது 21. அவரையும் கட்சிதான் தேர்ந்தெடுத்தது.

இப்படி வருபவரின் பிடி எவ்வளவு உறுதியானது என்பது தனிக் கேள்வி. கோவையின் முதல் பெண் மேயரான கல்பனா ஆனந்தகுமாரும் நெல்லை மேயர் பி.எம்.சரவணனும் 2024 ஜூலையில் பதவி விலகினார்கள். இருவரும் அப்போது ஆளுங்கட்சியாக இருந்த தி.மு.க.வினர், இரு மாமன்றங்களிலும் அந்தக் கட்சிக்கே பெரும்பான்மை இருந்தது. நகரத்தின் வாக்கைப் பெற்று வந்த மேயரை இவ்வளவு எளிதில் இறக்க முடியாது. ஆக, மறைமுகத் தேர்தல் புதுமுகத்தை மேலே கொண்டு வருகிறது. மேலே வந்தவரை நிற்க வைக்கும் பலத்தைத் தருவதில்லை. ஆணையரின் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராத பதவி என்பதால், அதைப் புதியவரிடம் கொடுப்பதில் கட்சிக்கு இழப்பும் குறைவு.

இன்றைய மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அடுத்த தேர்தலில் புதியவர் ஒருவர் சென்னை மேயருக்கு நிற்க முடியுமா என்பது இரண்டு அரசு முடிவுகளைப் பொறுத்திருக்கும்: மேயரை மக்கள் தேர்ந்தெடுப்பதா, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதா என்பது ஒன்று, சுழற்சியில் பதவி யாருக்கு ஒதுக்கப்படும் என்பது மற்றொன்று. முந்தைய அனுபவத்தைப் பார்த்தால், இரண்டும் வேட்புமனு தொடங்குவதற்குச் சற்று முன்புதான் தெரியவரும்.