நைட்ரஜன் ஊட்டிய நுண்துளைக் கரி

எரிபொருள் மின்கலத்தின் கேத்தோடில் ஆக்சிஜன் எலெக்ட்ரான்களை ஏற்று ஒடுங்கும் வினையை, விலையுயர்ந்த பிளாட்டினத்தின் உதவியின்றியே நடத்திக்கொள்ளும் பொருட்டு ஆக்கப்பட்ட வினையூக்கி இது. அவ்வினை சுபாவத்திலேயே மந்தமானது, கொள்கையளவில் 1.23 வோல்ட் தரவேண்டிய அது, நடைமுறையில் அதனினும் வெகுவாகத் தாழ்ந்தே நிற்கும். ஆக்சிஜன் மூலக்கூறு நான்கு எலெக்ட்ரான்களைப் பெற்றால் நீர் விளையும். இரண்டோடு நின்றுவிட்டாலோ ஹைட்ரஜன் பெராக்சைடு தோன்றி, கலத்தின் சவ்வையே அரிக்கத் தொடங்கும்.

வெறுங்கரி பெரும்பாலும் பெராக்சைடோடு நின்றுவிடுவது. அதன் அறுகோண வலையில் சில கரி அணுக்களின் ஸ்தானத்தில் நைட்ரஜன் அமரும்போது, எலெக்ட்ரான்களைத் தன்பால் இழுக்கும் சக்தி மிகுந்த அது, அண்டை அணுக்களின் மின்னூட்டச் சமநிலையைக் குலைத்து, ஆக்சிஜன் வந்து பற்ற இடந்தருகிறது.

சிலிக்காவால் ஆன நுண்துளை அச்சில் நைட்ரஜன் செறிந்த கரிமப் பொருளை நிரப்பி, காற்றுப் படாமல் 700 முதல் 1000 பாகை செல்சியஸ் வரையில் சுட்டு, பின்னர் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தாலோ காரத்தாலோ சிலிக்காவைக் கரைத்து நீக்கினால், அச்சின் சுவர் இருந்த இடமெல்லாம் துளையாகிவிடும். சூடு மிகுந்தால் நைட்ரஜன் வெளியேறிவிடுகிறது. குறைந்தால் கரி மின்சாரத்தைச் செவ்வனே கடத்துவதில்லை. இதன் சூட்சுமம் முழுவதும் இங்கேதான் அடங்கியிருக்கிறது. 2 நானோமீட்டருக்கு உட்பட்ட துளைகள் பரப்பைப் பெருக்க, 2 முதல் 50 நானோமீட்டர் வரையுள்ளவை ஆக்சிஜன் உள்ளே செல்ல வழிவிடுகின்றன.

2009-இல் அமெரிக்காவில் லிமிங் டாய் குழுவினர், நைட்ரஜன் ஊட்டிய கரிக்குழல்கள் காரக் கரைசலில் பிளாட்டினத்தையும் விஞ்சுவதாக அறிவித்தனர். ஆயின் அக்குழல்கள் இரும்பு தாலோசயனினிலிருந்து வளர்க்கப்பட்டவை. இத்தகைய கரிகளில், கழுவிய பின்னும் எஞ்சும் உலோகச் சுவடே வேலை செய்கிறதோ என்ற ஐயம் பின்னர் வலுத்தது. அது நியாயமான ஐயமே. 2016-இல் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் ஜுன்ஜி நகமுரா குழுவினர், தூய கிராஃபைட்டைக் கொண்டு, பிரிடினிக் நைட்ரஜனுக்கு, அதாவது இரு கரி அணுக்களோடு மட்டும் பிணைந்த நைட்ரஜனுக்கு, அடுத்த கரி அணுவே வினைத்தலம் என்று காட்டினர். கரியில் எதைக் கலந்தாலும் ஆய்வுக்கட்டுரையாகிவிடும் போக்கைப் பரிகசித்து, 2020-இல் மார்ட்டின் பூமெரா குழுவினர் பறவை எச்சத்தையே கிராஃபீனில் ஊட்டிப் பார்க்க, அதுவும் நன்றாகவே வேலை செய்தது!

காரத்தில் திறமை காட்டும் இக்கரி அமிலத்தில் தளர்ந்துவிடுகிறது; ஆதலால் அமிலக் கலங்களுக்கு இரும்பும் நைட்ரஜனும் சேர்ந்த கரியையே நாடுகின்றனர்; துத்தநாக-காற்று மின்கலம் போன்ற காரக் கலங்களில் உலோகமற்ற கரிக்கு இடமுண்டு.