எஞ்சின் மாற்றியமைப்பும் கார் உத்தரவாதமும்

காரைத் தயாரித்த நிறுவனம் பொருத்தாத பாகத்தையோ மென்பொருளையோ உரிமையாளர் பின்னர் எஞ்சினில் சேர்ப்பது எஞ்சின் மாற்றியமைப்பு எனப்படுகிறது. வெளிச்சந்தையில் வாங்கும் காற்று வடிகட்டி, சைலன்சர், பெரிய டர்போ, எஞ்சினை ஆளும் கணினியான ஈசியூவின் நிரலை மாற்றும் ‘ரீமேப்’ ஆகியவை இதில் அடங்கும். இவற்றில் ஒன்றைச் செய்தாலே உத்தரவாதம் (வாரண்டி) முழுவதும் போய்விடும் என்று பரவலாக நம்பப்படுகிறது. இது சரியல்ல. குறிப்பிட்ட பழுதுக்கு அந்த மாற்றம் காரணமா என்பதே தீர்மானிக்க வேண்டிய கேள்வி.

உத்தரவாதத்தின் எல்லை

புதிய காருக்கான உத்தரவாதம், பாகத்திலோ அதைச் செய்த விதத்திலோ இருக்கும் உற்பத்திக் குறைகளுக்கு மட்டுமே பொருந்தும். தேய்மானமும் வெளியாரின் வேலையால் வந்த சேதமும் அதில் சேரா. சைலன்சரை மாற்றிய காரில் ஏசி பழுதானால் இரண்டுக்கும் தொடர்பில்லை. அங்கே உத்தரவாதத்தை மறுக்க நியாயம் இல்லை. ரீமேப் செய்த காரில் பிஸ்டன் உடைந்தால் நிலைமை வேறு.

மாற்றம் எப்படிப் பழுதாகிறது

டர்போ எஞ்சினை ரீமேப் செய்யும்போது பெரும்பாலும் டர்போவின் காற்றழுத்தம் கூட்டப்படுகிறது. எரிபொருள் அளவும் தீப்பொறி எழும் நேரமும் திருத்தப்படுகின்றன. சிலிண்டருக்குள் அழுத்தமும் வெப்பமும் ஏறுகின்றன. கணக்கு சற்றே பிசகினாலும், தரம் குறைந்த பெட்ரோல் போட்டாலும், கலவை ஒழுங்கின்றி வெடிக்கும் ‘நாக்கிங்’ தொடங்கிவிடும். அது நீடித்தால் பிஸ்டனில் வளையங்களைத் தாங்கும் மெல்லிய விளிம்புகள் உடைகின்றன. எஞ்சின் தாங்கினாலும், கூடிய திருகுவிசையைத் தாங்காமல் கிளட்ச் வழுக்கலாம்.

சிறிய மாற்றமும் சிக்கல் தரும். எண்ணெய் தடவிய பருத்தி வடிகட்டியில் எண்ணெய் அதிகமானால், உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சாரின் மெல்லிய கம்பியில் அது படியும். அளவு தவறாகி எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியும். இங்கே காரணத்தை நேராகக் காட்டிவிட முடியும்.

கண்டுபிடிக்கும் முறை

சர்வீஸ் சென்டரின் கருவி ஈசியூவிலுள்ள நிரலின் சரிபார்ப்பு எண்ணைப் படித்து, அசல் எண்ணோடு ஒப்பிடுகிறது. பல கார்களில் நிரல் எத்தனை முறை ஏற்றப்பட்டது என்ற எண்ணிக்கையும் பதிவாகிறது. எனவே சர்வீசுக்கு விடும் முன் பழைய நிரலை ஏற்றிவிட்டாலும் தடயம் நிற்கலாம். ஃபோக்ஸ்வேகன், ஆடி கார்களில் ரீமேப் கண்டறியப்பட்டால் அந்தக் காரின் பதிவில் ‘டிடி1’ என்ற குறியீடு விழுகிறது. அதன் பிறகு எஞ்சின், கியர்பாக்ஸ் தொடர்பான கோரிக்கைகள் மறுக்கப்பட வாய்ப்பு அதிகம்.

அமெரிக்கச் சட்டம்

அமெரிக்காவில் 1975இல் நடைமுறைக்கு வந்த மேக்னசன்–மாஸ் உத்தரவாதச் சட்டம் இத்துறையின் அடிப்படை. குறிப்பிட்ட பிராண்டின் பாகத்தையோ சேவையையோதான் பயன்படுத்த வேண்டும் என்று உத்தரவாதத்துக்கு நிபந்தனை விதிப்பதை அது தடை செய்கிறது. அவற்றை இலவசமாகத் தந்தால், அல்லது கூட்டாட்சி வணிக ஆணையம் விலக்கு அளித்தால் மட்டுமே அப்படி நிபந்தனை விதிக்கலாம். வெளிச்சந்தைப் பாகத்தால் சேதம் வந்தது என்று காட்டினால் அந்தச் சேதத்துக்கான உத்தரவாதத்தை நிறுவனம் மறுக்கலாம். பாகம் இருக்கிறது என்பதே காரணமாகாது. மினி கார்களுக்கு அசல் பாகங்களையும் மினி டீலர்களையும் கட்டாயமாக்கியதாக பிஎம்டபிள்யூவின் வட அமெரிக்கப் பிரிவு மீது ஆணையம் 2015இல் நடவடிக்கை எடுத்தது.

புகைக் கட்டுப்பாடு தனி விஷயம். தூய காற்றுச் சட்டப்படி வினையூக்கி மாற்றிக்கும் ஈசியூவுக்கும் 8 ஆண்டு அல்லது 80,000 மைல் உத்தரவாதம் உண்டு. அதே சட்டம் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றுவதையும் செயலிழக்கச் செய்வதையும் தடை செய்கிறது. கலிஃபோர்னியாவில் காற்று வள வாரியத்தின் ஆணை எண் பெற்ற பாகத்தைச் சாலையில் ஓடும் காரில் பொருத்தலாம். ஆனால் அந்த எண் பாகம் சட்டத்துக்கு உட்பட்டது என்பதற்கே சான்று, உத்தரவாதத்துக்கு அல்ல.

இந்தியாவில்

இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக ஆணை பிறப்பித்தது. வெளி மெக்கானிக்கிடம் பழுது பார்த்தார் என்பதற்காக உத்தரவாதத்தை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது, தவறான வேலையால் வந்த சேதத்தின் அளவுக்கே மறுக்கலாம் என்று அது கூறியது. ஆணை மேல்முறையீடுகளுக்குச் சென்றது. அது பழுதுபார்ப்பைப் பற்றியது. திறன் கூட்டும் மாற்றத்துக்கு உரிமம் தரவில்லை.

மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்சி புத்தகத்தின் விவரங்கள் மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். சிஎன்ஜி போன்ற வேறு எரிபொருளுக்கு, அங்கீகரிக்கப்பட்ட கிட்டைக் கொண்டு விதிப்படி மாறலாம். உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இப்பிரிவை உறுதியாக வலியுறுத்தியது. அதே ஆண்டின் திருத்தம், உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று தண்டனை வகுத்தது. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம் இழப்பீட்டையும் சிக்கலாக்கும்.

உரிமையாளர் செய்ய வேண்டியவை

மாற்றத்துக்கு முன் உத்தரவாதப் புத்தகத்தின் விலக்குப் பகுதியைப் படிப்பது அவசியம். பாகத்தின் பில், பொருத்தியவரின் ரசீது, எஞ்சின் ஆயில் மாற்றிய பதிவு ஆகியவற்றைத் தேதியோடு வைத்திருக்க வேண்டும். கோரிக்கை மறுக்கப்பட்டால் வாய்வார்த்தையை ஏற்காமல், எந்தப் பாகம் எவ்வாறு பழுதை உண்டாக்கியது என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்தை அணுகும்போது இந்தக் கடிதமே முதல் ஆவணம். மாற்றத்தை மறைத்தவரின் வழக்கு வலுவிழக்கும். காரணம் காட்டாமல் மறுத்த நிறுவனத்தின் வாதமும் அப்படியே.